அருகும் கோரையும்: வீட்டுப் புல்தரையில் களைகளின் ஓராண்டு

1977இல் லீராய் ஹோம் என்ற அமெரிக்கக் களையியல் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் உலகின் மிக மோசமான களைகளைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார்கள். எந்தக் களை எத்தனை நாடுகளில், எத்தனை பயிர்களில் தொல்லை தருகிறது என்று பார்த்து வரிசைப்படுத்திய நூல் அது. முதலிடம் நம் ஊர்க் கோரைக்கு. இரண்டாமிடம் அருகம்புல்லுக்கு. நெல்வயலில் உழவரை வாட்டும் குதிரைவாலி இனக் களைகள்கூட அதற்கடுத்த இடங்களில்தான் வருகின்றன.

ஆக, வீட்டு முன்னால் ‘பெர்முடா’ என்ற பெயரில் அருகின் வகை ஒன்றைப் பரப்பிவிட்டு, அதில் கோரை தலைகாட்டக் கூடாது என்று நினைக்கிறவர், உலகின் இரண்டாவது மோசமான களையை வளர்த்து முதலாவதை விரட்டச் சொல்கிறார். கேட்க வேடிக்கைதான். ஆனால் விடையும் பெரும்பாலும் இதற்குள்ளேயே இருக்கிறது. அருகைக் களையாக்கிய அதே குணங்கள்தான் அதை நல்ல புல்தரையும் ஆக்குகின்றன. மணமக்களை வாழ்த்தும்போது ‘அருகுபோல் வேரூன்றி’ என்று சொல்வது சும்மா இல்லை. வேண்டியதைக் கொடுத்தால் வருகிற களைகளில் பெரும்பகுதியை அதுவே பார்த்துக்கொள்ளும். கோரை ஒன்றுதான் அதற்கு அடங்காது. அதற்குத் தனிக் கணக்கு.

புல்தரைக் களைகளைப் பற்றி எழுதப்பட்டிருப்பவற்றில் மிகப் பெரும்பகுதி குளிர்நாட்டுக்கானது. வசந்தத்தில் மண்ணின் வெப்பம் 13 டிகிரி செல்சியஸைத் தொடும் சமயத்தில் நண்டுப்புல் முளைக்கும், அதற்குமுன் மருந்து இடுங்கள். இலையுதிர்காலத்தில் அகன்ற இலைக் களைகளுக்குத் தெளியுங்கள். பனியில் புல் உறங்கும்போது ஓய்வெடுங்கள். இந்த நாட்காட்டியைச் சென்னைக்கோ திருச்சிக்கோ கொண்டுவந்தால் ஒன்றும் பொருந்தாது. இங்கே சமவெளியில் மண் ஒருநாளும் 13 டிகிரிக்கு இறங்குவதில்லை. வெப்பத்தைப் பொறுத்தவரை விதைகள் ஆண்டு முழுக்கத் தயார். அவை காத்திருப்பது ஈரத்துக்கு. மானாவாரி நிலத்தில் அந்த ஈரம் மழையோடு வந்து மழையோடு போகும். களைக்கும் காலம் உண்டு, உழவருக்கும் மூச்சுவிட நேரம் உண்டு. வீட்டுப் புல்தரையில் அப்படி இல்லை. சித்திரை வெயிலிலும் மாலையானால் குழாயைத் திறந்துவிடுகிறோம். நாள்தோறும் ஒரு சிறுமழை. களை ஏன் ஓயவே மாட்டேன் என்கிறது என்ற கேள்விக்கு முதல் பதில் அந்தக் குழாயில் இருக்கிறது.

எந்தப் புல் என்பதில் தொடங்கும் சிக்கல்

நம் ஊரில் வீட்டுக்குப் போடும் புல் நாலைந்து வகைக்குள் அடங்கும். அருகும் அதன் பெர்முடா ஒட்டுவகைகளும் வெயிலுக்குப் பிறந்தவை. வேகமாகப் படரும், மிதிபட்டாலும் எழும், நிழலில் மட்டும் நிற்காது. நர்சரிகளில் ‘கொரியன் கிராஸ்’ என்று விற்பது சோய்சியா இனம். மெத்தென்று இருக்கும், அடிக்கடி வெட்ட வேண்டாம் என்பதால் விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் மெல்லத்தான் படரும். ஓரிடம் வெற்றானால் மூட மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் களை குடியேறிவிடும். அகன்ற இலையுள்ள எருமைப்புல் ஓரளவு நிழலைத் தாங்கும். அதை உயரமாகவே வைத்திருக்க வேண்டும்.

தேர்வில் அழகைவிட முக்கியமான கேள்வி, அந்த இடத்தில் எத்தனை மணி நேரம் நேர் வெயில் விழுகிறது என்பது. அருகுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். மாமரத்தடியில் பெர்முடா போட்டவர் களையோடு போராடுவதாக நினைப்பார். உண்மையில் அவர் நிழலோடு போராடுகிறார். புல் மெலிகிற இடத்தில் எது வந்தாலும் அதற்குக் களை என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

அடுத்தது மண். புது வீட்டில் புல் போடும்போது ஒரு லோடு செம்மண்ணும் கொஞ்சம் மாட்டெருவும் இறங்கும். இரண்டும் களையின் வாகனங்கள். நன்றாக மட்காத எருவில் மாடு தின்ற புல்பூண்டுகளின் விதை உயிரோடு இருக்கும். செம்மண் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்த கோரைக்கிழங்கும் கூடவே வரும். சதுர அடிக் கணக்கில் வாங்கும் புல் கார்ப்பெட்டின் அடிமண்ணிலும் கிழங்கு ஒளிந்திருக்கலாம். கார்ப்பெட்டைப் புரட்டி அடிப்பக்கத்தை விரலால் கிளறிப் பார்த்து வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. கறுப்பாக, மணம் வீசும் சிறு கிழங்கு ஒன்று தட்டுப்பட்டாலும் அந்த நர்சரியை விட்டு வந்துவிடுவது நல்லது.

புல் போடுவதற்கு முன் கையில் ஒரு மாதம் இருந்தால் அதைப்போல் பயனுள்ள மாதம் பிறகு கிடைக்காது. மண்ணைச் சமன்செய்து, தண்ணீர் விட்டு, எதையும் நடாமல் விட வேண்டும். பதினைந்து நாளில் மேல்மண்ணில் முளைக்கத் தயாராக இருந்த விதைகளெல்லாம் முளைத்து நிற்கும். அவற்றை மேலோட்டமாகச் செதுக்கி எடுத்துவிட்டு மறுபடி தண்ணீர். இரண்டு சுற்று இப்படிப் போனால் மேல் அங்குல மண்ணின் விதைக் கையிருப்பு நன்றாகக் குறைந்துவிடும். ஆழமாகக் கொத்தினால் கீழே கிடப்பது மேலே வரும், உழைப்பு வீண். புதுமனைப் புகுவிழா நாள் குறித்தபின் இந்தப் பொறுமை யாருக்கும் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

விதையும் வெளிச்சமும்

மண்ணுக்குள் விதை எத்தனை காலம் உறங்கும் என்பதற்கு மிச்சிகனில் ஓர் ஆய்வு நடந்துகொண்டே இருக்கிறது. வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879இல் களைவிதைகளை மணலோடு கலந்து இருபது புட்டிகளில் அடைத்துப் புதைத்தார். குறித்த ஆண்டுகளில் ஒவ்வொரு புட்டியாக எடுத்து விதைத்துப் பார்க்கிறார்கள். 2021இல் எடுத்த புட்டியிலும் சில விதைகள் முளைத்தன. 142 ஆண்டுக்குப் பிறகு. எல்லாக் களைக்கும் இந்த ஆயுள் கிடையாது. என்றாலும், விதையை ஒழித்துக் களையை ஒழிக்கலாம் என்ற எண்ணத்தை இந்த ஒரு செய்தியே கைவிட வைக்க வேண்டும்.

விதையை அழிக்க முடியாது, முளைக்க விடாமல் வைக்க முடியும். 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர் லெட்யூஸ் கீரை விதைகளை வைத்துக் கண்டறிந்தது இது: சிவப்பு ஒளி பட்டால் விதை முளைக்கிறது, அதைவிட நீண்ட அலையுள்ள தொலைசிவப்பு ஒளி பட்டால் அடங்கிவிடுகிறது. இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விடுகின்றன. அதனால் அடர்ந்த இலைக்கூரையின் கீழ் கிடக்கும் சிறுவிதை, மேலே இடமில்லை என்று அறிந்து முளைக்காமல் கிடக்கிறது. பருப்புக்கீரை போன்ற பொடிவிதைக் களைகள் பலவற்றுக்கு இந்த ஒளிக்கணக்கு பொருந்தும்.

புல்தரையில் இதன் பொருள் வெட்டும் உயரம். பெர்முடாவை இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டர், கொரியன் புல்லை இரண்டரை முதல் ஐந்து, எருமைப்புல்லை ஏழெட்டு சென்டிமீட்டர் என்று வைக்கலாம். ஒரு வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்கக் கூடாது. நம் ஊரில் நடப்பது என்ன? இரண்டு மாதம் வளரவிட்டு, ஆள் வந்த அன்று மண் தெரிய மொட்டை அடிப்பது. அன்றைக்குத் தரைக்கு வெளிச்சம் போகிறது. புல் இருந்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துப் புது இலை விடுகிறது. அந்த இரண்டு மூன்று வாரத்தில் கீழே உறங்கியவை எழுந்துவிடுகின்றன. களைக்கொல்லி வாங்கும் காசில் வாராவாரம் ஒருவரை வைத்து வெட்டச் சொல்வது மலிவு.

ஆண்டின் போக்கு

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்குமேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடும். தென்மேற்குப் பருவம் மாலை இடிமழையாக அவ்வப்போது எட்டிப்பார்க்கும். மதுரை, திருச்சி, கோவை மூன்றிலும் அளவு குறைவு, ஆனால் ஐப்பசி கார்த்திகைதான் பெரிய மழை என்பது பொது. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமும் உண்டு, அங்கே களைக்கு இரண்டு உச்சம்.

கோடையில் தொடங்கலாம். பங்குனி முதல் வைகாசி வரை வெயிலுக்கு அஞ்சாதவை மட்டும் வருகின்றன: நெருஞ்சி, மூக்கிரட்டை, அம்மான் பச்சரிசி, பருப்புக்கீரை, கோடைமழை ஒன்று பெய்தால் சாரணை. எல்லாம் தரையோடு படரும் சாதி. வெட்டும் மெஷினின் கத்திக்குக் கீழே வாழக் கற்றவை. இவற்றில் நெருஞ்சியை மட்டும் பூ விட்ட அன்றே பிடுங்க வேண்டும், காய் முள்ளானபின் குழந்தைகள் கால்வைக்க முடியாது. ஆணிவேர் ஒன்றுதான், ஈரமண்ணில் முழுதாக வந்துவிடும். அருகு நல்ல வேகத்தில் இருக்கும் காலமும் இது. வாரத்துக்கு இரண்டு முறை ஆழமாகத் தண்ணீர் விட்டு, நடுநாட்களில் மேல்மண்ணைக் காயவிட்டால் புல்லின் வேர் கீழே போகும், மேல் அங்குலத்தில் முளைத்த களைநாற்றுகள் வாடிப்போகும். தினமும் தெளிப்பதைவிட இதற்குத் தண்ணீரும் குறைவு. ஆற்றுமணல் போன்ற மண்ணில் மட்டும் இடைவெளியைச் சுருக்க வேண்டியிருக்கும்.

ஆடி முதல் புரட்டாசி வரையான மாதங்களைத்தான் ஆண்டின் திருப்புமுனை என்பேன். பெருமழை வருமுன் புல்லை அடர்த்தியாக்க இருக்கும் கடைசி வாய்ப்பு இது. வெற்றிடங்களில் புல்துண்டு நடுவது, இறுகிய மண்ணைக் கடப்பாரையாலோ முட்கரண்டியாலோ குத்திவிடுவது, மட்கிய எருவைச் சலித்துத் தூவுவது, மிதமாகத் தழைச்சத்து இடுவது எல்லாம் இப்போது. தழைச்சத்துக்கும் களைக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டட்டில் 1856 முதல் நடந்துவரும் புல்வெளி ஆய்வு உதவும். தழைச்சத்து இட்ட பாத்திகளில் புற்கள் ஓங்கின, அவரை இனச் செடிகள் பின்வாங்கின; இடாத பாத்திகளில் பலவகைச் செடிகள் கலந்து நின்றன. நம் புல்தரையில் சிறுபுள்ளடி திட்டுத்திட்டாகப் படர்ந்தால் அது வெளியூர்ப் படையெடுப்பு இல்லை. காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்கத் தெரிந்த செடி அது. புல் பட்டினி கிடக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறது. அதைப் பிடுங்குவதற்கு முன் உரம் போட்டுப் பார்க்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதும் ஒரு வேலை. சேறான தரையில் நடந்தால் மண் இறுகும், இறுகிய இடத்தில் புல் செத்துக் காக்காக்கால் புல் போன்றவை நிற்கும். கானாவாழை, கீழாநெல்லி, பொடுதலை, கரிசலாங்கண்ணி என்று வரிசையாக வரும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, மழை விட்டதும் மண் நிரப்ப வேண்டும். கானாவாழையைத் துண்டுதுண்டாக அறுத்துப் போட்டால் கணுதோறும் வேர்விடும். வாரி எடுத்து வெளியே காயப்போட வேண்டும்.

மார்கழி, தை, மாசி மூன்றும் கைக்களைக்கு உகந்தவை. மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் முதுகைச் சுடாது, இரவுக்குளிரில் அருகின் வளர்ச்சியும் தளர்ந்திருக்கும். கிணற்றடிப்பூண்டு என்றும் வெட்டுக்காயப்பூண்டு என்றும் சொல்கிற செடி இந்தச் சமயத்தில் வெள்ளை மஞ்சள் பூவோடு ஓரங்களில் நிற்கும். அதன் விதை காற்றில் பறப்பது. புளியாரை மூன்றிலை விரித்துப் புல்லுக்குள் புகுந்திருக்கும். காய் முற்றினால் விதையைத் தெறிக்கவிடும், அதற்குள் எடுக்க வேண்டும். பார்த்தீனியத்தைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, சிலருக்குத் தோல் அரிப்பு வரும். ஒழுங்காக வெட்டுகிற புல்தரையில் அது நிலைப்பதில்லை; மதில் ஓரத்திலும் கேட்டுக்கு வெளியிலும்தான் அதைத் தேட வேண்டும்.

கோரை

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒருவர் சரியாகச் செய்தாலும் கோரை இருந்தால் இருக்கும். புல்தரைக்காரர்களின் புலம்பலில் முக்கால்வாசி இந்த ஒன்றைப் பற்றியது. ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கோரை புல் இல்லை. தண்டை விரலால் உருட்டினால் முக்கோணமாக இருப்பது தெரியும். வெட்டிய இரண்டாம் நாளே சுற்றியுள்ள புல்லைவிட உயர்ந்து, வெளிர்ப்பச்சையாகத் துருத்தி நிற்கும். அதன் உயிர் மேலே இல்லை. மண்ணுக்குள் மெல்லிய கிடைத்தண்டில் மாலையில் மணி கோத்தாற்போல் கிழங்குகள். பெரும்பாலானவை மேலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் இருக்கும். நுனிக்கிழங்கு முளைவிட்டிருக்கும்வரை சங்கிலியில் உள்ள மற்றக் கிழங்குகள் அடங்கிக் கிடக்கும். சங்கிலி அறுந்தால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். ஒவ்வொன்றும் தனித்தனியாக எழும். வெடுக்கென்று இழுத்துப் பிடுங்குகிறவர் கையில் தழை வருகிறது, மண்ணுக்குள் சங்கிலி அறுகிறது. பிடுங்கப் பிடுங்கப் பெருகுகிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்களின் அலுப்பு மிகச் சரியானது.

அப்படியானால் பிடுங்கக் கூடாதா? பிடுங்கலாம், காலம் தெரிந்து பிடுங்க வேண்டும். மண்ணுக்குமேல் முளை தெரிந்து சில வாரங்களுக்குப் பிறகுதான் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். அதற்குமுன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடாமல் எடுத்தால் தாய்க்கிழங்கு தன் இருப்பைச் செலவழித்துச் செலவழித்து ஓயும். ஒரே கிழங்கில் பல கண்கள் இருப்பதால் ஒரு தடவையில் தீராது. ஒரு பருவம் முழுக்கத் தொடர வேண்டும். நடுவில் ஒரு மாதம் ஊருக்குப் போய்வந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கைப்பிடி நீளமுள்ள குறுகிய களைக்கொத்தால் அடியில் குத்தி, மண்ணோடு கிழங்கையும் எடுப்பது இழுப்பதைவிடப் பலமடங்கு மேல். எடுத்ததை உரக்குழியில் போடுவது தற்கொலைக்குச் சமம்.

உழவர்கள் இதை வேறு வழியில் சமாளித்தார்கள். கோடை உழவு. சித்திரையில் ஆழ உழுது கிழங்குகளை மேலே புரட்டிப் போட்டால் வெயிலில் காய்ந்து சாகும். கோரைக்கிழங்கின் பலவீனம் வறட்சிதான். ஈரம் இழந்தால் முளைக்காது. பழைய புல்தரை முழுக்கக் கோரையாகிவிட்டால், அதைக் காப்பாற்ற முயல்வதைவிடக் கோடையில் கொத்திப் புரட்டி, தண்ணீர் காட்டாமல் இரண்டு மூன்று வாரம் காயவிட்டு, கிழங்கைப் பொறுக்கி, புதிதாகப் போடுவதே சிக்கனம் என்பது என் கணிப்பு. கறுப்பு பிளாஸ்டிக் விரித்து மூடச் சொல்வார்கள். மற்றக் களைக்குச் சரி. கோரையின் முளை ஊசிபோல் கூரானது, தாளைக் குத்திக்கொண்டே மேலே வந்துவிடும்.

இரண்டாவது பலவீனம் நிழல். அருகும் கோரையும் ஒரே வகை வெயில் செடிகள். நிழலில் இரண்டும் நலியும். ஆகவே புல்லைச் சற்று உயர்த்தி அடர்த்தியாக வைத்தால் கோரை ஓரளவு அடங்கும், முற்றிலும் இல்லை. மாறாக, தேங்கும் ஈரம் அதற்கு விருந்து. புல்தரையில் கோரை முதலில் வரும் இடத்தைக் கவனித்தால் பெரும்பாலும் கசியும் குழாய், ஏசி தண்ணீர் சொட்டும் மூலை, தரை சரிந்து தண்ணீர் நிற்கும் பள்ளம் என்று ஏதாவது ஒன்று அங்கே இருக்கும்.

உப்பைக் கொட்டச் சொல்கிற பக்கத்து வீட்டுக்காரர் எல்லாத் தெருவிலும் உண்டு. உப்பு கோரையைக் கொல்வதற்குமுன் புல்லைக் கொல்லும், மண்ணைப் பல மழைக்குக் கெடுக்கும். வினிகர் மேலே இருப்பதைக் கருக்கும், கிழங்குக்குச் செய்தியே போகாது. இதே கிழங்கைச் சித்த மருந்துக்கடையில் காசுகொடுத்து வாங்கி நலங்குமாவில் சேர்க்கிறோம் என்பதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம்.

மருந்து என்கிற வழி

புல்தரைக் களைக்கொல்லிகளின் வரலாறு 2,4-டி என்ற வேதிப்பொருளிலிருந்து தொடங்குகிறது. செடியின் வளர்ச்சி ஊக்கியைப் போலி செய்து அகன்ற இலைச் செடிகளை முறுக்கிக் கொல்வது, புல்லை விட்டுவிடும். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதுவரை அங்கே புல்விதையோடு வெள்ளைக் குளோவரையும் கலந்துதான் விதைத்தார்கள். புல்லுக்குத் தழைச்சத்து தரும் நல்ல துணை என்று. மருந்து குளோவரையும் கொன்றது. சில ஆண்டுகளில் குளோவர் களைப்பட்டியலில் ஏறிவிட்டது. எது களை என்பதைச் சில நேரம் மருந்துக்கடை முடிவுசெய்கிறது.

நம் ஊரில் 2,4-டியை வீட்டுப் புல்தரைக்குப் பயன்படுத்துவோரிடம் சொல்ல வேண்டியது: எஸ்டர் வகை வெயிலில் ஆவியாகி நகரும். தக்காளி, திராட்சை, பருத்தி மூன்றும் அதன் மிகச் சிறு அளவுக்கே இலை சுருளும். மாடித்தோட்டம் பெருகிவிட்ட தெருவில் நீங்கள் அடித்த மருந்துக்கு அடுத்த வீட்டுத் தக்காளி பலியாகலாம். எருமைப்புல்லுக்கும் இது ஆகாது.

கோரைக்கென்று உள்ளது ஹாலோசல்ப்யூரான் மீத்தைல். இந்தியாவில் இது முதன்மையாகக் கரும்பு வயலுக்காகப் பதிவு பெற்றது. பெர்முடாவையும் கொரியன் புல்லையும் பெரிதாகக் காயப்படுத்தாமல் கோரையின் இலைவழி இறங்கிக் கிழங்குவரை போகும். மெதுவான மருந்து, இரண்டு மூன்று வாரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், பிறகு மஞ்சளாகி மடியும். பொறுக்கமாட்டாமல் இடையில் மறுபடி அடிப்பவர்கள்தான் அதிகம். அடிக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் புல் வெட்டக் கூடாது, இலை இருந்தால்தான் மருந்து உள்ளே போகும். ஒரே தடவையில் எல்லாக் கிழங்கும் சாகாது. உறங்கியவை பிறகு எழும்போது இரண்டாம் தெளிப்பு வேண்டியிருக்கும்.

இதில் யாரும் பேசாத ஒரு தடங்கல் உண்டு: அளவு. கரும்புக்கு இது ஏக்கருக்குச் சுமார் 36 கிராம். ஒரு சென்ட் புல்தரைக்குக் கணக்குப் போட்டால் அரைக் கிராமுக்கும் கீழே. வீட்டுச் சமையல் தராசில் அது எடைகாட்டாது. ஆகவே தோட்டக்காரர் கண்ணால் பார்த்து ஒரு சிட்டிகை போடுகிறார், பத்து மடங்குகூட ஆகலாம். புல் மஞ்சளடித்தபின் மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டை. வயலுக்கென்று பொட்டலம் கட்டிய பொருளை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவருவதில் உள்ள அடிப்படைக் கோளாறு இது. எத்தனையோ களைக்கொல்லிகளின் லேபிளில் கரும்பு, நெல், கோதுமை, மக்காச்சோளம் என்று இருக்கும். வீட்டுப் புல்தரையைப் பார்ப்பது அரிது. லேபிளில் இல்லாத இடத்தில் அடித்தால் விளைவுக்குப் பொறுப்பு அடித்தவருடையது.

முளைக்குமுன் இடும் வகையில் பெண்டிமெத்தலின் கிடைக்கிறது. முளைக்கும் நாற்றின் வேர்நுனியை நிறுத்தும். கோரைக்கிழங்கை ஒன்றும் செய்யாது. புதிதாகப் போட்ட புல்லிலோ வெற்றிடம் மூடப் படர்ந்துகொண்டிருக்கும் புல்லிலோ இதை இடக் கூடாது, ஓடுதண்டுகள் தரையில் வேர்பிடிப்பதையும் தடுத்துவிடும். தரை ஓடுகளில் பட்டால் மஞ்சள் கறை விழும். இதமான நாடுகளில் வசந்தத்தில் ஒருமுறை இட்டால் பருவம் தாண்டும் என்பார்கள். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அது வேகமாகச் சிதையும்; ஐப்பசிக்கு முன் இட்டது கார்த்திகைவரை தாக்குப்பிடிக்குமா என்பது சந்தேகம். இயற்கை வழி என்று மேல்நாட்டில் புகழப்படும் மக்காச்சோளப் பசைமாவுக்கும் இதே கதை. அயோவாவில் 1991இல் காப்புரிமை பெற்ற முறை. நாற்றின் வேர் உருவாவதைத் தடுக்கும், ஆனால் முளைத்தபின் கொஞ்சநாள் தரை காய்ந்திருந்தால்தான் வேலை செய்யும். அடைமழையில் அதை எதிர்பார்க்க முடியாது.

கிளைபோசேட் பச்சையாக இருக்கும் எதையும் கொல்லும். புல்தரைக்குள் அதற்கு வேலையே இல்லை, பழைய தரையை முழுக்க அழித்துப் புதிதாகப் போடும்போதுதான் பேச்சு வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்று வகைப்படுத்தியது. அமெரிக்க, ஐரோப்பியக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த முடிவை ஏற்கவில்லை. இந்திய அரசு 2022 அக்டோபரில் அதன் பயன்பாட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. தோட்டக்காரர் தோளில் மாட்டிய ஸ்ப்ரேயருக்கு அந்த உரிமம் இருக்கிறதா என்று கேட்பவர் யார்? பாராகுவாட்டைப் பற்றி ஒரே வரி போதும்: விழுங்கினால் மாற்றுமருந்து இல்லை, வீட்டில் வைக்கவே கூடாது.

அடித்தே தீர்வது என்றால் டப்பாவின் முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமை இறங்குவரிசை. தெளித்த தரையில் குழந்தையும் நாயும் காயும்வரை கால்வைக்கக் கூடாது. வெட்டிய புல்லை மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. கீழாநெல்லியும் மூக்கிரட்டையும் கிடைக்கிறதே என்று அதிலிருந்து பறித்து மருந்துக்கோ சமையலுக்கோ எடுக்கவும் கூடாது.

மலையில் வேறு கதை

உதகையிலும் கொடைக்கானலிலும் இந்த நாட்காட்டி செல்லாது. அங்கே சமவெளிப் புல் நடுங்கும். கென்ய மலைநாட்டிலிருந்து வந்த கிக்குயூ புல்தான் அங்குள்ள பல புல்தரைகளின் உடம்பு. மண்ணின் வெப்பம் அங்கே உண்மையிலேயே இறங்கும், டிசம்பர் ஜனவரி உறைபனியில் இலைநுனி கருகும். ஆகவே குளிர்நாட்டு நூல்களில் உள்ளவை அங்கே ஓரளவு பொருந்தும். களைகளும் அந்த நூல்களில் உள்ளவையே, வெள்ளைக் குளோவர், டேன்டலியன். உள்ளூர்ச் சங்கடம் என்னவென்றால் கிக்குயூவே வேலியைத் தாண்டிச் சோலைப் புல்வெளிகளுக்குள் படர்கிறது. மலையில் புல்தரை வைத்திருப்பவர் உள்ளே வரும் களையைவிட வெளியே போகும் புல்லை அதிகம் கவனிக்க வேண்டும். வெட்டிய தண்டுகளைச் சரிவில் கொட்டுவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

எதை விட்டுவிடலாம்

ஒரு புல் இனம் மட்டுமே, வேறு இலை ஒன்றும் இல்லாத தரை என்பது கோல்ஃப் மைதானத்தின் இலக்கணம். அதற்கு அங்கே ஆட்களும் எந்திரங்களும் உண்டு. வீட்டுக்கு அந்த இலக்கணம் தேவையில்லை. நூறு சதுர அடியில் பத்துப் பதினைந்து அம்மான் பச்சரிசி தெரிந்தால் ஒன்றும் கெடவில்லை, அடுத்த வெட்டுக்கு முன் கையால் எடுத்தால் போதும். பொடுதலை பரவிய இடத்தை விட்டுவைப்பதில்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை. ஜப்பானில் அதே செடியின் விதைக்காத வகை ஒன்றைக் ‘குராபியா’ என்று பெயரிட்டுப் புல்லுக்கு மாற்றாக விற்கிறார்கள். வெயிலையும் உப்புத் தண்ணீரையும் தாங்குவதால். பூவுக்குத் தேனீ வரும் என்பதால் செருப்பில்லாமல் குழந்தைகள் ஓடும் இடத்துக்கு மட்டும் அது பொருந்தாது. கோரை, நெருஞ்சி, தொட்டாற்சிணுங்கி, பார்த்தீனியம் ஆகிய நான்குக்கு மட்டும் சலுகை கிடையாது; முதல் செடியைக் கண்ட அன்றே எடுக்க வேண்டியவை.

புல் தோற்கும் என்று தெரிந்த இடங்களில் புல்லை எடுத்துவிடுவதும் களைக்கட்டுப்பாடுதான். மாமரத்தடியில் மரத்தூளோ சருகோ மூன்றங்குலம் பரப்பலாம், அடிமரத்தைத் தொடாமல். மதிலோரம் ஒரு சாண் அகலத்துக்குக் கல் பாவிவிட்டால், கத்தி எட்டாமல் அங்கே விதைகட்டிக்கொண்டிருந்த செடிகளுக்கு இடமில்லாமல் போகும். ஏசி தண்ணீர் சொட்டும் மூலைக்கு ஒரு குழாய் மாட்டித் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடுங்கள். பிறகு அந்த மூலைக் கோரையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிழங்கோடு எடுத்து வந்தால் அடுத்த ஐப்பசிக்குள் வித்தியாசம் தெரியும்.